இரண்டு கூடும் ஒரு தாளும்

"அம்மா, காவக்காரனைத் தூங்க வச்சா திருடன் வர்றான். எழுப்பிவிட்டா விருந்தாளியை அடிக்கிறான். நான் என்னதான் செய்ய?"

மலைமேல் தேன்பெட்டிகளுக்கு நடுவே நின்ற தவமணி அம்மையிடம் டாக்டர் நாகலிங்கம் இப்படிக் கேட்டார்.

குருவுக்கு வயது நாற்பது. சீடருக்கு அறுபது. ஊரெல்லாம் டாக்டரைக் கும்பிட்டது. டாக்டர் கும்பிட்டது இந்த அம்மையை மட்டும்தான்.

"யாரு அந்த விருந்தாளி?"

"ஒரு கிட்னி. செண்பகவல்லின்னு ஒரு டீச்சர், அவங்க தம்பி கொடுத்தது. நான்தான் வச்சேன். ரத்தத்துல காவல் நிக்கிற வெள்ளை அணுக்கள் அதை அன்னியம்னு கடிக்க வரும். மருந்து கொடுத்து அடக்கினேன். இப்போ கிருமி புகுந்து காய்ச்சல் கொதிக்குது. மருந்தை நிறுத்தினா கிட்னி போயிடும். நிறுத்தாட்டி ஆளே போயிடுவாங்க. அந்தப் பொண்ணு என்னடான்னா, 'தம்பி கிட்னி எப்படி இருக்கு சார்?'னு அதைத்தான் கேக்குது."

அம்மை இரண்டு பெட்டிகளைக் காட்டினார். ஒன்றில் ராணித் தேனீ செத்துவிட்டது. ராணி இல்லாத கூடு உருப்படாது.

"இதைத் தூக்கி அது மேல வைங்க டாக்டரே. ரெண்டும் ஒரே கூடாகணும்."

தேனீக்குத் தேனீ ஆகாதா என்ன? டாக்டர் அப்படியே தூக்கி வைத்தார்.

உள்ளே ஒரே ரகளை. வாசலில் தேனீக்கள் செத்துச் செத்து விழுந்தன.

அம்மை பெட்டிகளைச் சட்டென்று பிரித்தார்.

"புகை போட்டு மயக்கிட்டா?" டாக்டர் பதறினார்.

"மயங்கிக் கிடக்கிற கூட்டுக்குக் கதண்டு வந்தா?"

கதண்டு என்பது ஒரு கூட்டையே தின்று தீர்க்கும் பெரிய குளவி.

அம்மை ஒரு பழைய செய்தித்தாளை எடுத்து, முள்ளால் இங்கொன்றும் அங்கொன்றுமாகக் குத்தினார். கீழ்ப்பெட்டியின் மேல் அதை விரித்து, அடுத்த பெட்டியை ஏற்றி வைத்தார். தேனீ தன் கூட்டாரை வாசனையால்தான் அறியும். அந்த ஓட்டையில் வாசனை போகும். தேனீ போகாது.

"இனிமே?"

"பேப்பரைப் படிச்சு முடிக்கட்டும். நீங்க கீழே போங்க."

டாக்டர் போனார். மருந்தை நிறுத்தவில்லை. இத்தனூண்டு குறைத்தார். ரத்தத்தைச் சோதித்தார். மறுபடி இத்தனூண்டு குறைத்தார். கிருமிக்குத் தனி மருந்து கொடுத்தார். "சட்டுன்னு ஏதாவது செய்யுங்க சார்" என்று கூட இருந்தவர்கள் பறந்தார்கள். அவர் மசியவில்லை.

ஒரு காலையில் மனசு தாங்காமல் மலையேறினார்.

தாளைக் கடித்துக் குதறி, துணுக்குகளை வாசலில் தள்ளியிருந்தன தேனீக்கள். ஒரு பிணம்கூட இல்லை.

அப்போது பார்த்து ஒரு கதண்டு வந்தது. வாசலில் இறங்கி ஒரு தேனீயைக் கவ்வியது.

"ஐயோ, அம்மா!"

கூடே திரண்டு வந்து கதண்டின் மேல் பாய்ந்தது. பந்தாக மொய்த்தது. பந்துக்குள் சூடு ஏறிக்கொண்டே போனது. தேனீக்கள் விலகியபோது கதண்டு வெந்து செத்துக் கிடந்தது.

"அடி சக்கை!" டாக்டர் சின்னப் பிள்ளைபோலக் கைதட்டினார்.

"அடிச்சது மேல்பெட்டியா, கீழ்ப்பெட்டியா?" என்று கேட்டார் அம்மை.

டாக்டர் குனிந்து பார்த்தார். தெரியவில்லை.

போன் அடித்தது. நர்ஸ்.

"சார், காய்ச்சல் சுத்தமா விட்டுடுச்சு!"

"தம்பி கிட்னி? தம்பி கிட்னி என்னாச்சும்மா?"

போனைச் செண்பகவல்லியே பிடுங்கிக்கொண்டார்.

"ஜோரா வேலை செய்யுது சார். அதென்ன தம்பி கிட்னி? அது என் கிட்னி!"