மூன்றாம் கட்டிலுக்கு யார்?

அந்த மிஷன் ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டில் ஒரு வழக்கம் உண்டு. எந்தத் தாயின் பிள்ளையைக் கையில் வாங்கப் போகிறார்களோ, அந்தக் கட்டில் எண்ணுக்கு எதிரே பயிற்சி மாணவிகள் காலையிலேயே பலகையில் பெயர் எழுதிவிட வேண்டும்.

அன்று மூன்றாம் கட்டிலுக்கு எமரன்சி எழுதியிருந்தாள். அவள் பார்க்கப்போகும் முதல் பிரசவம் அது.

பத்து மணிக்கு வந்த டாக்டரம்மா, மூன்றாம் கட்டிலில் இருந்த கோமுவின் வயிற்றில் பிள்ளைக்குத் துடிப்பு இல்லை, வலி வர மருந்து ஏற்றுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்துவிட்டார்கள். எமரன்சி போய்த் தன் பெயரை அழித்தாள்.

சிஸ்டர் பிரகாசி பார்த்துக்கொண்டிருந்தார். விடாமல் இரண்டு ஷிப்ட் நின்றவர். சுவரில் சாய்ந்தபடியே, ஏன் அழித்தாய் என்று கேட்டார்.

வாங்குவதற்குப் பிள்ளை இல்லையே என்றாள் எமரன்சி. ஐந்தாம் கட்டிலுக்கு மாற்றிக்கொள்ளட்டுமா என்றும் கேட்டாள்.

"பயமா?"

"ஆமா சிஸ்டர். அவ என் முகத்தப் பாத்து ஏதாவது கேட்டுட்டா?"

சிஸ்டர் கண்ணை மூடித் திறந்தார்.

"மிட்வைஃப்னா என்னட்டி?"

"பிரசவம் பாக்குறவ."

"அது வேல. நான் வார்த்தையக் கேட்டேன்."

எமரன்சி தயங்கினாள். மிட் என்றால் நடு, வைஃப் என்றால் பெண்டாட்டி, ஆகவே நடுவில் மாட்டிக்கொண்ட பெண்டாட்டி என்றாள்.

சிஸ்டருக்குச் சிரிப்பு வந்தது; சிரிக்கத் தெம்பில்லை. படிக்கிற காலத்தில் தானும் அப்படித்தான் எழுதி, மேட்ரனிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதாகச் சொன்னார். பழைய இங்கிலீஷில் மிட் என்றால் 'கூட'. வைஃப் என்றால் அந்தக் காலத்தில் வெறும் பெண்தான். கல்யாணம் ஆனவளோ ஆகாதவளோ.

"கூட இருக்கிற பொம்பள. அம்புட்டுதான் வார்த்த. அதுல பிள்ள எங்க இருக்கு, சொல்லு."

திரைக்குப் பின்னால் கோமு யாரையோ கூப்பிட்டாள். பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. அங்கே அவளுக்கு யார் பெயரும் தெரியாது.

"உள்ள போயி நான் என்ன சிஸ்டர் செய்யட்டும்?"

"நின்னுக்கிட்டே இருக்காத. நாற்காலி ஒண்ணு எடுத்துட்டுப் போ. பிரசவம் முடிய சாயங்காலம் ஆயிரும்."