முத்திரை விழும்வரை இரண்டு பேர்

நோட்டரி வக்கீல் ஞானப்பிரகாசத்திடம் மூன்று குமாஸ்தாக்கள் இருந்தார்கள். மூன்று பேர் மூளையையும் சேர்த்து நிறுத்தாலும் ஒரு ஆளுக்குக் காணாது என்று கோர்ட்டு வாசலில் பேசிக்கொள்வார்கள். நான் அப்படியெல்லாம் சொல்லமாட்டேன். பாவம், நல்ல மனுஷர்கள்.

மூத்தவர் பூதலிங்கத்துக்கு ஒரு வாரமாகச் சோறு இறங்கவில்லை. போன வாரம் ஒருத்தன் தன் கையெழுத்தோடு, வெளியூரில் இருந்த தம்பியின் கையெழுத்தையும் சேர்த்துப் போட்டுவிட்டுப் போயிருந்தான். அவனுக்குப் பேனா எடுத்துக் கொடுத்ததே பூதலிங்கம்தான். வக்கீல் கண்டுபிடித்துக் காய்ச்சு காய்ச்சென்று காய்ச்சிவிட்டார். "பேப்பர்ல எத்தனை பேர் பேரு இருக்கோ, அத்தனை பேரும் நேர்ல வந்து நிக்கணும். ரெண்டு கையெழுத்து ஒரே கை போட்ட மாதிரி இருந்தா அது போலி. இன்னொரு தடவை ஏமாந்தீரு, வீட்டுக்குப் போயிர வேண்டியதுதான்" என்றார். இனி ஒரு பயல் தன்னை ஏமாற்ற முடியாது என்று பூதலிங்கம் குலசாமி மேல் சத்தியம் செய்துகொண்டார்.

அன்றைக்கு வக்கீல் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். நாலரைக்கு வந்து முத்திரை போடுவதாக ஏற்பாடு. மூன்று மணிக்குச் செல்லக்கனி வந்தாள். ஐந்நூறு வாழை வைத்திருக்கிறாள். கிணற்றில் தண்ணீர் கிடக்கிறது, இறைக்கிற மோட்டாருக்குக் கரண்டு இல்லை. பட்டாவில் அவள் பெயர் முத்துச்செல்லக்கனி, ஆதாரில் வெறும் செல்லக்கனி. இரண்டும் ஒரே ஆள்தான் என்று நோட்டரி பேப்பர் இன்றைக்கு ஐந்து மணிக்குள் கரண்டு ஆபீசில் கொடுக்கவேண்டும். தவறினால் கரண்டு கேட்டுப் போட்ட மனு தள்ளுபடி. மறுபடி மனுப் போட்டுக் கரண்டு வருகிறவரை சித்திரை வெயிலில் வாழை எங்கே தாங்கப்போகிறது?

அவள் எழுதிக் கொண்டுவந்த பேப்பரைப் பூதலிங்கம் வாசித்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் வாசித்தார்.

"நீங்க யாரும்மா?"

"செல்லக்கனி, அண்ணாச்சி."

"சரி. முத்துச்செல்லக்கனி எங்க?"

"அதுவும் நான்தான்."

பூதலிங்கம் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார். போன வாரத்து ஆளும் இப்படித்தானே ஆரம்பித்தான்.

மூன்று குமாஸ்தாக்களும் பீரோவுக்குப் பின்னால் போய் ஆலோசித்தார்கள். ரெண்டும் ஒரே ஆள் என்று பேப்பரே சொல்கிறதே என்றார் கொம்பையா. அதற்கு ஆவுடைநாயகம் பொறுமையாக விளக்கினார்.

"பேப்பர்ல இன்னும் முத்திரை விழல. விழுந்த பிறகுதான் சட்டப்படி ஒரே ஆளு. அதுவரைக்கும் ரெண்டு பேருதான்."

பூதலிங்கத்துக்கு மேல் சிலிர்த்துவிட்டது. இவ்வளவு சட்டம் தெரிந்தவரை இத்தனை நாளாய் டீ வாங்க அனுப்பியிருக்கிறோமே என்று வெட்கப்பட்டார்.

இன்னொரு அம்மாவும் நேரில் வந்து கையெழுத்துப் போடவேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். செல்லக்கனி அழுது பார்த்தாள், கும்பிட்டுப் பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை. கையெழுத்தைப் போட்டுவிட்டு விறுவிறுவென்று வெளியே போனாள். முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு திரும்பி வந்து, "நான்தான் முத்துச்செல்லக்கனி" என்றாள். வாங்கம்மா, இவ்வளவு நேரம் உங்களுக்காகத்தான் காத்திருந்தோம் என்று பூதலிங்கம் நாற்காலியை இழுத்துப் போட்டார். அவளும் பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டாவது கையெழுத்தைப் போட்டாள்.

பூதலிங்கம் பூதக்கண்ணாடியை எடுத்து இரண்டையும் பார்த்தார். அதே சுழி, அதே புள்ளி. போலி! இந்தத் தடவை அவரே கண்டுபிடித்துவிட்டார். சந்தோஷத்தில் அவருக்குக் கண் கலங்கியது.

மணி நாலே கால். செல்லக்கனி தலையில் கைவைத்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். பூதலிங்கத்துக்கு மனசு கேட்கவில்லை. மறுபடியும் பீரோவுக்குப் பின்னால் கூடினார்கள். முதல் அம்மா வலது கையால் போட்டாயிற்று, இரண்டாவது அம்மா இடது கையால் போடட்டும் என்று முடிவாயிற்று. புதுப் பேப்பரில் அப்படியே போடவைத்தார்கள். இரண்டாவது கையெழுத்து கோழி கிண்டின மாதிரி வந்தது.

பூதலிங்கம் அதைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார்.

"இனிமே எவனாவது இதைப் பார்த்து ரெண்டும் ஒரே ஆளுன்னு சொல்லிருவானா?"

நாலரைக்கு வந்த வக்கீல் பேப்பரைப் பார்த்தார், செல்லக்கனியைப் பார்த்தார், மூன்று பேரையும் பார்த்தார். பேப்பரைக் கிழித்துப் போட்டார். வேறு பேப்பரில் ஒரே கையெழுத்து வாங்கி, முத்திரை குத்தி, அவளை ஸ்கூட்டரின் பின்னால் ஏற்றிக் கரண்டு ஆபீசுக்கு விரட்டினார். ஐந்து மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது பேப்பர் உள்ளே போய்விட்டது.

பத்து நாளில் மோட்டார் ஓடியது. செல்லக்கனி பழசை எல்லாம் மறந்து, கால் கிலோ அல்வா வாங்கிக்கொண்டு வந்தாள். கொம்பையாவும் ஆவுடைநாயகமும் அங்கேயே பிரித்துத் தின்ன ஆரம்பித்தார்கள். பூதலிங்கம் மட்டும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்:

"நீங்க நல்லா இருப்பீங்கம்மா. ஆனா அந்த முத்துச்செல்லக்கனிக்கும் அதே கிணறு, அதே மோட்டாரு, அதே கரண்டுதானே? ஒரு நன்றி சொல்ல இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கல, பாத்தீங்களா? அவ சகவாசம் உங்களுக்கு வேண்டாம்."