கல்லில் வெட்ட ஒரு வருஷம்

“நாட்டுக் கடன் எந்த வருஷம் தீரும்னு இன்னைக்குச் சொல்லியாகணும், அம்மா. இல்லைன்னா ராஜா என்னை யானைக் கொட்டிலுக்கு அனுப்பிடுவார். லத்தி அள்ள.”

சொன்னவர் மருதவாணன், கஜானாவின் தலைமைக் கணக்கர். நரைத்த மீசை, நாடே மெச்சிய மூளை. யானை என்றால் மட்டும் உதறல்.

கேட்டவள் உமையாள். கணிதத்தில் அவருக்குக் குரு, வயதில் அவர் மகளைவிடச் சின்னவள். ஆற்றங்கரையில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள்.

“கணக்கைப் போட்டுக் காட்டுங்க,” என்றாள்.

அவர் மணலில் போட ஆரம்பித்தார். போட்டுக்கொண்டே போனார். கணக்கு தண்ணீரைத் தொடப் போயிற்று.

“விளைச்சல் நல்லா இருந்தா கூடுதலா அடைக்கணும். மோசமா இருந்தா குறைச்சு அடைக்கணும். அவ்வளவுதான் இதோட சாரம்.”

“மழை பொய்ச்சா?”

“அதுக்கு ஒரு குறி இருக்கு. இந்த வட்டம்.”

“வெட்டுக்கிளி வந்தா?”

“இந்த முக்கோணம்.”

“பக்கத்து நாட்டுக்காரன் படையெடுத்தா?”

“அவனுக்குச் சதுரம். எது எப்படி மாறினாலும் கணக்கு தாங்கும், அம்மா. பத்து வருஷம்.”

“ராஜாவுக்கு என்ன குறி?”

மருதவாணன் எழுதுவதை நிறுத்தினார்.

“அவருக்கு எதுக்கு? அவர் மாறாதவர்னு வச்சுக்கிட்டேன்.”

உமையாள் சிரித்த சிரிப்பில் மடியிலிருந்த மொச்சை மணலில் கொட்டிவிட்டது.

“எதுக்கும்மா சிரிக்கிறீங்க?”

“அதோ, அவரே வரார். சொல்லிப் பாருங்க.”

பல்லக்கு வந்து நின்றது. புதுப் பல்லக்கு. அதுவும் கடனில் வாங்கியதுதான்.

“என்னய்யா, எந்த வருஷம்?”

“பத்து வருஷத்துல தீர்ந்துடும், மகாராஜா.”

ராஜாவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

“பத்தே வருஷமா? இந்த நல்ல சேதிக்கு ஊருக்கே விருந்து வைக்கணும். வட்டிக்கு வாங்கியாவது வைக்கணும்.”

மருதவாணன் அவசரமாக ஒரு வரி சேர்த்தார்.

“இப்போ பன்னிரண்டு ஆகுது, மகாராஜா.”

“ரெண்டு வருஷம்தானே கூடுது? அப்போ ஒரு வசந்த மண்டபமும் கட்டிடலாம்.”

மருதவாணன் மறுபடி மணலில் குனிந்தார். இன்னொரு வரி எழுதலாமென்றால் இடமில்லை, ஆறு வந்துவிட்டது. குருவைப் பார்த்தார். அவள் தலை நிமிராமல் மொச்சை பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

“முடிவா ஒரு வருஷத்தைச் சொல்லுய்யா,” என்றார் ராஜா. “கல்லுல வெட்டி அரண்மனை வாசல்ல நிறுத்தப் போறேன். கல்லுக்குக்கூடக் கடன் சொல்லியாச்சு.”

மருதவாணன் கணக்கை ஒருமுறை ஆசையாகப் பார்த்தார். எத்தனையோ நாள் தூக்கம் அதில் போயிருந்தது. பிறகு காலாலேயே அழித்தார். வட்டம், முக்கோணம், சதுரம் எல்லாம் போயின.

“சொன்னா தீராது, மகாராஜா.”

“சொல்லலைன்னா?”

“தீரும்,” என்றார் மருதவாணன், வேட்டியை மடித்துக் கட்டியபடி. “யானைக் கொட்டில் எந்தப் பக்கம்?”