கை நடுங்கிய காரணம்

டேப் ரெக்கார்டரில் நாடா பின்னோக்கி ஓடும்போது ஒரு கீச்சொலி வரும். குருவிக் கூட்டத்தை யாரோ அவசரமாக விரட்டுவதுபோல. அந்தப் பிற்பகல் முழுக்க அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஞானசௌந்தரி மேடத்திடம் முனைவர் பட்ட ஆய்வு செய்தவர்கள் நாங்கள் இருவர். மற்றவர் அருணகிரி சார், பி.எட். கல்லூரி விரிவுரையாளர், மேடத்தைவிட மூத்தவர். தமிழாசிரியர் பயிற்சிக்கு வரும் மாணவிகள் வகுப்பெடுக்க ஏன் பயப்படுகிறார்கள் என்பது அவருடைய ஆய்வு. அந்த மாதத்துக்குள் ஆய்வேட்டில் மேடம் கையெழுத்திடாவிட்டால் பதிவு காலாவதியாகிவிடும்.

"அவங்க வகுப்பெடுக்கறப்ப பின்வரிசையில உக்காந்து பார்த்தது யாரு?" என்று கேட்டார் மேடம்.

"நான்தான்."

"அவங்களுக்கு மார்க் போடறது?"

"அதுவும் நான்தான் மேடம்."

"ஆய்வுல நீங்க எங்கேயுமே இல்லையே சார்?"

அடுத்த வாரம் சார் தன்னைப் பற்றியே ஒரு அத்தியாயம் எழுதிக் கொண்டுவந்தார். பிறந்த ஊர், அப்பாவின் தொழில், படித்த பள்ளி.

மேடம் தலையில் கைவைத்துக்கொண்டார். "ஜாதகக் கட்டம் ஒண்ணுதான் பாக்கி. வரன் பார்க்கவா?"

"நீங்கதானே கேட்டீங்க! என்னை நான் எங்கேதான் வைக்கறது?"

ஒரு பயிற்சி மாணவியிடம் சார் எடுத்த பேட்டி நாடாவை மேடம் போட்டார். சாரின் குரல் வந்தது.

"பயப்படாம சொல்லும்மா பூங்காவனம். பயமா இருந்துச்சா?"

"இல்லீங்க சார்."

"அப்புறம் ஏன் கை நடுங்குச்சு? சாக்பீஸ் விழுந்துச்சே, பார்த்தேனே."

"பயமா இருந்துச்சுங்க சார்."

ஆய்வேட்டில் அந்தக் கடைசி வரி மட்டும் இருந்தது.

மேடம் நாடாவைத் திரும்ப ஓட்டினார். திரும்பப் போட்டார். மறுபடியும் ஓட்டினார். சார் எழுந்துவிட்டார்.

"போதும் மேடம். பயம்ங்கிற வார்த்தை என்னோடது."

"அப்ப போய் மறுபடி கேளுங்க. கேட்டுட்டு வாயை மூடிக்கிட்டு உக்காருங்க."

மறுநாளே வந்தார், முகமெல்லாம் மலர்ச்சியாக.

"காலையிலேயே பூங்காவனத்தைப் பிடிச்சுட்டேன் மேடம். அவ ஊர்லேருந்து விடியறதுக்கு முன்னாடி கிளம்பற ஒரே பஸ்தானாம். சாப்பிடாமத்தான் தினமும் வர்றா. இன்னிக்கும் அப்படித்தான். பசியில கை நடுங்கியிருக்கு. அருமையான தரவு! எந்த அத்தியாயத்துல சேர்க்கட்டும்?"

மேடம் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் போட்டார்.

"சாப்பிட ஏதாவது வாங்கிக் கொடுத்தீங்களா சார்?"

சார் கையிலிருந்த குறிப்பை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எழுந்தார்.

அந்த மாதம் அவர் கையெழுத்துக் கேட்டு வரவில்லை; பதிவு காலாவதியானது. முனைவர் பட்டம் பெறாமலேயே ஓய்வு பெற்றார்.