ஏழை என்று சொல்ல இரண்டு பணம்

வெண்ணிநாட்டை ஆண்ட தென்னவராயருக்கு இளகிய மனசு. காது அதைவிட இளகியது. யார் புகழ்ந்தாலும் உள்ளே விட்டுவிடும்.

அவர் நாட்டில் ஒரு சட்டம் இருந்தது. குடியிருக்கிற எல்லோரும் தைப்பூசத்துக்குள் தங்கள் வருமானக் கணக்கை ஓலையில் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். வருமானம் குறைவு என்றால் வரி கிடையாது. ஆனால், ‘எனக்கு வரி கிடையாது’ என்பதையும் ஓலையில் எழுதித்தான் கொடுக்க வேண்டும்! கொடுக்காவிட்டால் பூசத்தன்று வரி வசூலிக்கும் தண்டல்காரர்கள் வந்து, வாசலில் நிற்பது ஆடோ மாடோ, அதை ஓட்டிக்கொண்டு போய்விடுவார்கள். எழுதத் தெரியாதவர்கள் பாவம், கடைத்தெரு எழுத்தரிடம் ஒரு பணம் கூலி கொடுத்து எழுதி வாங்கினார்கள். ஒன்றும் கட்ட வேண்டாம் என்று சொல்வதற்கு ஒரு பணம் செலவு. நல்ல கூத்துதான்!

இதைக் கேள்விப்பட்ட அரசர் மனம் வருந்தி, ஏழைகளுக்கு இலவசமாகக் கணக்கு எழுதித் தர ஒரு மண்டபம் திறந்தார். பொறுப்பைத் தலைமைக் கணக்கர் சோமநாயகரிடம் கொடுத்தார். பூனையிடம் பாலைக் கொடுத்த மாதிரி ஆயிற்று.

பூசத்துக்கு முதல் நாள் சோமநாயகர் சபைக்கு வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

“மகாராஜா! மண்டபம் திறந்தே இருக்கிறது. எழுத்தாணியெல்லாம் தீட்டி வைத்திருக்கிறோம். ஒருவர்கூட வரவில்லை. தங்கள் ஆட்சியில் ஏழையே இல்லை!”

அரசருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. “அப்படியா! நாளையோடு மண்டபத்தை மூடிவிடலாம். உமக்குக் கையில் போட ஒரு தங்கத் தோடா தருகிறேன்.”

சபையில் கடைசி இருக்கை விகடகவி மருதவாணருடையது. வாய் துடுக்கு என்பதால்தான் கடைசி. அவருக்கு இந்தக் கணக்கு இடித்தது. எழுந்து வெளியே போனார்.

அரண்மனை வாசலில் உப்பு விற்கும் நாகலை, கழுதையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

“என்னம்மா ஆச்சு?”

“நாளைக்கு இதை ஓட்டிட்டுப் போயிருவாங்க சாமி. நான் ஓலை கொடுக்கலை. இது போனா மூட்டையை யார் சுமப்பா? என் புள்ளைங்களுக்குக் கஞ்சி ஏது?”

“இலவச மண்டபத்துக்குப் போகக்கூடாதா?”

“போனேனே! நீ ஏழைங்கறதுக்கு ஓலை கொண்டான்னு வாசல்லயே மறிச்சுட்டாங்க. அதை எழுதறது கணக்கர் ஐயாவோட மச்சான். அவரு ரெண்டு பணம் கேக்கறாரு. ரெண்டு பணம் இருந்தா நான் கடைத்தெருவுல ஒரு பணத்துக்கே கணக்கை எழுதியிருக்க மாட்டேனா?”

மருதவாணருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பிறகு சிரிப்பும் வந்தது. இரண்டும் சேர்ந்து வந்தால் அவருக்கு யோசனை பிறக்கும்.

மறுநாள் காலை அரண்மனை முற்றத்தில் ஒரே அமளி. தண்டல்காரர்கள் பட்டத்து யானையை அவிழ்த்து ஓட்டிக்கொண்டிருந்தார்கள். முன்னால் சட்ட ஓலையோடு மருதவாணர்.

“என்ன இது?” என்று ஓடிவந்தார் அரசர்.

“குடியிருக்கிற எல்லோரும் ஓலை தர வேண்டும் என்பது சட்டம். தாங்கள் இங்கேதானே குடியிருக்கிறீர்கள்? ஓலை வரவில்லை. வாசலில் நின்றது யானை.”

அரசர் வாய்விட்டுச் சிரித்தார். “சரியாகப் பிடித்தீர்! சோமநாயகரே, என் கணக்கை எழுதும்.”

“பொறுங்கள்” என்றார் மருதவாணர். “என்னவென்று எழுதுவார்? அரசர் உழுதாரா, விற்றாரா? கஜானா நாட்டுடையது என்று தாங்களே வருஷா வருஷம் சொல்கிறீர்கள். கிரீடமும் அப்படியே. தங்களுக்கென்று ஒரு வருமானமும் இல்லை. தாங்கள் போக வேண்டிய இடம் இலவச மண்டபம்!”

“ஆமாம், போய்த்தான் பார்ப்போமே” என்றார் அரசர். நாட்டுடைய கிரீடத்தையும் நகைகளையும் கழற்றி வைத்துவிட்டு, ஒரு வெள்ளை வேட்டியோடு கிளம்பினார். சோமநாயகருக்கு வியர்த்துக்கொட்டியது. முந்தி ஓடப் பார்த்தார். மருதவாணர் அவர் கையைப் பாசமாகப் பிடித்துக்கொண்டார்.

மண்டப வாசலில் காவல்காரன் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தான். தலையை நிமிர்த்தவே இல்லை.

“ஏழைன்னு ஓலை இருக்கா?”

“இல்லையே” என்றார் அரசர்.

“பக்கத்துல எழுதித் தருவாங்க. ரெண்டு பணம்.”

அரசர் மடியைத் தடவினார். அரசர்கள் எந்தக் காலத்தில் மடியில் காசு வைத்திருக்கிறார்கள்? “என்னிடம் காசு இல்லையப்பா.”

“காசில்லாதவனுக்கெல்லாம் இங்கே என்ன வேலை? போ, போ! இது ஏழைகளுக்குக் கட்டின மண்டபம்!”

அரசர் மெதுவாகத் திரும்பிப் பார்த்தார். சோமநாயகர் தூணோடு தூணாக ஒட்டிக்கொண்டு நின்றார்.

“ஏழையே இல்லை என்றீரே... வாசலிலேயே துரத்திவிட்டால் எப்படி வருவார்கள்?” என்றார் அரசர். குரலில் கோபமும் இருந்தது, வெட்கமும் இருந்தது. “இனிமேல் எவரும் எந்தச் சான்றும் காட்ட வேண்டாம். வாங்கின பணத்தை உம் மச்சான் திருப்பித் தரட்டும். நீரே உட்கார்ந்து எழுதும்.” மருதவாணர் கழுதையோடு பின்னால் வந்து நின்ற நாகலையைக் காட்டி, அவளையும் இப்படித்தான் மறித்தார்கள் என்றார். “முதலில் அந்த உப்புக்காரி. நான் கடைசியில் வருகிறேன்.”

செய்தி பரவியதும் தெருக்கோடி வரை வரிசை நின்றது. நாகலையின் ஓலை முதலில் முடிந்தது. அவள் கழுதைக்கு முத்தம் கொடுத்துவிட்டு, வேடிக்கை பார்க்க அங்கேயே நின்றாள். பொழுது சாயும்போது அரசரின் முறை வந்தது. ‘வருமானம் ஏதுமில்லை’ என்று சோமநாயகர் எழுதினார். யானை தப்பித்தது. தங்கத் தோடா மருதவாணர் கைக்குப் போனது.

கை வலியோடு சோமநாயகர் இன்னொரு ஓலையை எடுத்தார்.

“அது யாருக்கு?” என்றார் மருதவாணர்.

“என் கணக்குதான். நானும் இன்னும் கொடுக்கவில்லையே.”

மருதவாணர் எழுத்தாணியை மெல்ல வாங்கிக்கொண்டார். “இங்கே ஆகாது ஐயா. மச்சான் கொடுத்த பங்கையும் சேர்த்தால் உங்கள் வருமானம் எங்கேயோ போய்விடும். கடைத்தெருவில் எழுதிக்கொள்ளுங்கள். ஒரு பணம்தான்.”

சோமநாயகர் மடியைத் தடவினார். அவசரத்தில் பணப்பையை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார்.

நாகலை முன்னால் வந்தாள். “கவலைப்படாதீங்க சாமி, நான் கடன் தர்றேன். ஆனா, கையில காசு இல்லேங்கறதுக்கு ஒரு ஓலை கொண்டாங்க!”

அரசர் சிரித்த சிரிப்பில் அரண்மனையிலிருந்த யானைகூட மிரண்டு பிளிறியது. கழுதையும் சேர்ந்துகொண்டது.