துடுப்பைத் தொடாத கை

புங்கன்விளை கோயில் விருந்துக்குக் கூட்டாஞ்சோறு பொங்கும் அண்டா எவ்வளவு பெரிது என்று கேட்காதீர்கள். போன வருஷம் உள்ளே விழுந்த சிரட்டை இந்த வருஷம்தான் கரை ஒதுங்கியது.

அங்கே ஒரு வழக்கம். அண்டாவில் துடுப்பைப் போட்டுக் கிண்டுபவர்தான் சமையல் தலைமை. சோறு இறங்கும்வரை அந்தத் துடுப்பில் வேறு கை பட்டால், தலைமை அந்தக் கைக்குப் போய்விடும். இரக்கப்பட்டுத் தொட்டாலும் அதே கதிதான்.

முப்பது வருஷமாகத் தலைமை ஞானப்பூ. இந்த வருஷம் அவள் விரல்களில் வாதம் இறங்கி, காப்பி டம்ளரே நழுவியது.

“இந்த வருஷம் விட்டுருங்களேன்,” என்றார்கள் ஊரார்.

“சோறு என்னை விடட்டும், பார்ப்போம்,” என்றாள்.

மகன் எட்வின் துடுப்பின் மேல்முனையில் சைக்கிள் ஹேண்டில்பார் போலக் குறுக்குக் கட்டை அடித்தான். விரலுக்கு வேலையில்லை, முழங்கையால் தள்ளலாம். மருமகள் ஜெபக்கனி கட்டையில் துணியும் சைக்கிள் டியூபும் சுற்றி, மணிக்கட்டுக்கு ஒரு வாரும் தைத்தாள். பிடி தளர்ந்தாலும் துடுப்பு விழாது. மிச்ச டியூபை ருசி பார்க்கும் ஸ்பூனுக்கும் சுற்றினாள்.

கணவர் தேவஇரக்கம் ஒரு துரும்பையும் அசைக்கவில்லை. அடுப்புக்கு எதிரே ஸ்டூல் போட்டு, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் செருகி, அவற்றின் மேல் உட்கார்ந்தார்.

“என்ன மாமா, குளிருதா?” என்றாள் மருமகள்.

சோறு இறுகியது. துடுப்பு நின்றுவிட்டது.

“எம்மா!” என்று எட்வினும், “அத்தை, விடுங்க!” என்று ஜெபக்கனியும் பாய்ந்தார்கள். தேவஇரக்கம் காலை நீட்டி மறித்தார். “ஏலே, தொட்டே, தொலைஞ்ச! அவ தள்ளுவா.”

ஞானப்பூ பல்லைக் கடித்தாள். முழங்கை இரண்டையும் கட்டையில் ஊன்றி உடம்பைச் சாய்த்தாள். ஒரு இம்மி. இன்னொரு இம்மி. துடுப்பு சுற்றியது, அண்டாவோடு ஊரும் கால் சுற்று திரும்பியது. கிழக்கே பார்த்த கோபுரம் இப்போது தெற்கே பார்க்கிறது, போய்ப் பாருங்கள்.

சோறு இறங்கியது, தலைமை தப்பியது. அதைக் காப்பாற்றித் தந்தவருக்குத் தன் கையால் முதல் தட்டு என்றாள் ஞானப்பூ.

“கட்டை என்னுது,” என்றான் எட்வின்.

“வார் இல்லாட்டா துடுப்பு உள்ளதான் கிடக்கும்,” என்றாள் ஜெபக்கனி.

“உங்க ரெண்டு பேரையும் நிறுத்தினது யாரு?” என்றார் தேவஇரக்கம்.

நீங்களே சொல்லுங்கள், முதல் தட்டு யாருக்குச் சேர வேண்டும்?

விடை: தேவஇரக்கத்துக்கு. கட்டையும் வாரும் இல்லாமல் நடந்திருக்காது, உண்மை. ஆனால் துடுப்பு நின்றதும், செய்த இருவருமே தாங்கள் செய்ததை நம்பாமல் ஓடினார்கள். தொட்டிருந்தால் அவள் தலைமை அங்கேயே முடிந்திருக்கும். நம்பி உட்கார்ந்தவர் அவர் ஒருவர்தான். தன் கையும் ஓடிவிடக் கூடாதென்றுதான் அதன் மேலேயே உட்கார்ந்தார். ஒரே சங்கடம், இரண்டு மணி நேரம் நசுங்கிய கை மரத்துப்போய்ச் சோற்றை அள்ள வரவில்லை. ஞானப்பூ டியூப் சுற்றிய ஸ்பூனை நீட்டினாள்.

“இந்தாரும், இதப் பிடிச்சுச் சாப்பிடும். நழுவாது.”