விளக்கைப் பார்க்கும் படகு

சங்குமுனை நகராட்சிக்கு அது நூறாவது ஆண்டு. புது முத்திரை மாலை ஐந்து மணிக்குள் போய்ச் சேர வேண்டும். காலை பதினொரு மணிக்கு வியாகப்பன் சலேத்மேரியின் பட்டறைக்கு ஓடி வந்தார். அறுபத்திரண்டு வயதில் அவர் ஓடியதைத் தெருவே நின்று பார்த்தது.

முப்பது வருடம் பத்திரிகையில் பிழை திருத்தியவர். ஓய்வு பெற்றதும் முத்திரை செதுக்கக் கற்றுக்கொள்ள சலேத்மேரியிடம் சேர்ந்தார். அவளுக்கு நாற்பது வயது. முதலில் கேலியாகத்தான் "ஆசானே" என்று கூப்பிட்டார்; பிறகு அதுவே நிலைத்துவிட்டது. நகராட்சி முத்திரைதான் அவர் கைக்கு வந்த முதல் வேலை. பித்தளையில் எழுத்தும் சங்கும் கலங்கரை விளக்கமும் முடிந்திருந்தன. படகு மட்டும் பாக்கி.

"ஆசானே, மாட்டிக்கிச்சு. நூறு வருஷத்துப் பிழை."

"மூச்சு விட்டுட்டுச் சொல்லுங்க அண்ணாச்சி."

ஆவண அறையில் கிடைத்த முதல் வரைபடத்தின் நகலை மேசையில் விரித்தார். ஓரத்தில் குறிப்பு எழுதியிருந்தது. சங்கு, மூழ்கி எடுத்தவர்களுக்காக. கலங்கரை விளக்கம், கரைக்காக. பாய் விரித்த படகு, கடல் தாண்டி வாணிபம் போனவர்களுக்காக. படத்தில் படகின் மூக்கு கடலைப் பார்த்தது. ஊர் நூறு வருடமாகப் பார்த்த முத்திரையிலோ அது விளக்கைப் பார்த்தது.

"அச்சு நேரா விழணும்னா எல்லாத்தையும் இடம் வலம் மாத்திச் செதுக்கணும். அன்னைக்குச் செதுக்கின ஆளு எழுத்தை மாத்தினான், விளக்கை மாத்தினான். படகை மறந்துட்டான்."

"போன வாரம் நீங்க உங்க பேரையே மாத்த மறந்தீங்க."

"அதனாலதானே கண்டுபிடிச்சேன்."

வரைபடத்துப் படகைத் தட்டிக் காட்டினார். "சாயந்தரம் திருத்தின படகோட முத்திரை போகும். நாளைக்குப் பேப்பர்ல என் பேர் வரும் ஆசானே. முப்பது வருஷம் மத்தவங்க பேரைத் திருத்தினவன் நான்."

சலேத்மேரி வரைபடத்தை எடுத்துக்கொண்டாள். பெட்டியிலிருந்து பழைய முத்திரை பதிந்த தன் பிறப்புச் சான்றிதழையும் எடுத்தாள்.

"வாங்க, கரைக்குப் போவோம்."

வள்ளங்கள் திரும்பும் நேரம். பெண்கள் கூடைகளோடு நீர் விளிம்பில் முண்டியடித்து நின்றார்கள். மீன் விற்கும் பெர்னதத்திடம் சலேத்மேரி வரைபடத்தை நீட்டினாள்.

"அக்கா, இது நம்ம ஊர்ப் படகுதானா?"

பெர்னதத் ஒரு பார்வைதான் பார்த்தாள். "எவன் வரைஞ்சான் இதை? கரைக்கு முதுகைக் காட்டிட்டுல்லா போகுது."

"போகக் கூடாதா?" என்றார் வியாகப்பன்.

"போகட்டும். யாரு பார்த்தா? வள்ளத்தைத் தள்ளிவிட்டதும் நாங்க திரும்பிப் பார்க்காம வீட்டுக்கு நடந்துருவோம். நின்னு பார்த்தா ஆகாது. போற வள்ளம் எப்படி இருக்கும்னு இந்தக் கரையில ஒருத்திக்கும் தெரியாது."

சலேத்மேரி சான்றிதழைக் காட்டினாள்.

"இது கரைக்குத் திரும்பி வந்துட்டு," என்றாள் பெர்னதத். அதற்குள் கூட்டத்தில் யாரோ கூவினார்கள். அலைக்கு மேல் ஒரு வள்ளத்தின் மூக்கு தெரிந்தது. "அண்ணாச்சி, வழியை விடுங்க." பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இடுப்பளவு நீருக்குள் இறங்கிவிட்டாள்.

இருவரும் பட்டறைக்குத் திரும்பினார்கள். பித்தளையின் முன்னால் உட்கார்ந்த பிறகும் வியாகப்பனுக்கு மனம் ஆறவில்லை.

"வழக்கம் சரி ஆசானே. ஆனா பிழை பிழைதானே? கண்ணுல பட்டதுக்கு அப்புறம் திருத்தாம விட என் கை ஒப்பாது."

"பிழைதான் அண்ணாச்சி." அவள் உளியை எடுத்து அவர் கையில் வைத்தாள். "ஆனா அது வரைபடத்துல இருக்கு. முத்திரையில அன்னைக்கே திருத்தியாச்சு."